இரண்டு பள்ளிக்கூடங்களையும் துடைத்தவர்

எங்கள் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. இரண்டையும் கூட்டித் துடைத்தது ஒரே ஆள். விடிய ஐந்து மணிக்கு, கொம்யூன் என்கிற நகராட்சி நடத்தும் பெரிய பள்ளிக்கூடம். பத்தரை மணிக்குப் பிறகு, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த ஃப்ரிஸ்கோல. அது பெற்றோர்கள் சங்கம் கூட்டி நடத்துகிற பள்ளிக்கூடம். செலவின் பெரும்பகுதியை அரசாங்கம்தான் கொடுக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது, எந்தப் பிள்ளையை மறுப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அவர் சைக்கிளில் போவார். கார் ஓட்டத் தெரியாது. பனி கொட்டுகிற நாட்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார்.

ஊர் என்றால், டென்மார்க்கில் பிராண்டேயிலிருந்து காரில் இருபது நிமிடம். ஒரு தேவாலயம், ஒரு சுப்பர்மார்க்கெட், ஏழு தமிழ்க் குடும்பங்கள். ஆறு குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். ஏழாவது குடும்பம் அவர் ஒருவர்தான். கணவர் நோர்வேயில் இருக்கிறார் என்று ஒரு கதை, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று இன்னொரு கதை. யாரும் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே விடுகிறேன்.

நல்லது, கூடாது என்ற இரண்டு சொற்களும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒருமுறை ஸ்கீவ நகரில் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்தார். எனக்குப் போகக் கிடைக்கவில்லை.

"கலியாணம் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

"பொம்பிளை சாப்பிடேல்லை. மாப்பிளை ரெண்டு தரம் சோறு வாங்கினவர்" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எப்படிக் கேட்டாலும் வராது. கண்டதைச் சொல்வார். கண்டதை வைத்து என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லமாட்டார். இப்படிப்பட்ட ஒருவருடன் சிறிய ஊரில் இருப்பது சில நாள் சிரிப்பாக இருக்கும். சில நாள் பயமாக இருக்கும்.

நாங்கள் ரண்டர்ஸிலிருந்து அந்த ஊருக்கு வந்தது, இலங்கையில் போர் முடிவதற்கு முந்திய வருடம் இலையுதிர் காலத்தில். என் கணவருக்கு பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் தாரணிக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று தெரியவில்லை. கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அக்காவைக் கேளுங்கோ. ரெண்டுக்குள்ளையும் போய் வாறது அவ ஒராள்தான்."

சுப்பர்மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, ரெண்டிலை எது திறம்?"

கையில் இருந்த கிழங்கைப் பையில் போட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினார். கொம்யூன் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். ஃப்ரிஸ்கோலயில் பதினாலு. கொம்யூன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவு ஒன்று பூட்டுவதில்லை, சொல்லி இரண்டு மாதம். ஃப்ரிஸ்கோலயில் காலையில் எல்லோரும் கூடிப் பாட்டுப் பாடுவார்கள், அதிபர் பியானோ வாசிப்பார். கொம்யூன் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்த பிள்ளைகளை ஆசிரியர் வாசலில் இருத்திக் கதைப்பார், சில நாள் மணி அடித்த பிறகும் இருந்து கதைப்பார். ஃப்ரிஸ்கோலயில் சண்டை பிடித்ததை அவர் அதிகம் கண்டதில்லை.

"அப்ப ஃப்ரிஸ்கோலதான் திறம் எண்டுறியள்" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, பிள்ளை."

பதினாலு பிள்ளைகளும் பியானோவும் எனக்குப் போதுமாக இருந்தன. பூட்டாத கதவையும் நினைவில் வைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் உருளைக்கிழங்கோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த திங்கட்கிழமை தாரணியை ஃப்ரிஸ்கோலயில் சேர்த்தோம். சேர்ப்பதற்கு முன் அதிபர் எங்களைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கதைத்தார். நாங்கள் என்ன வேலை செய்கிறோம், வீட்டில் புத்தகம் வாசிப்போமா, பிள்ளைக்கு ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்டார். எங்கள் பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் ஒரு பிறந்தநாள் விழா. இரண்டு தகப்பன்மாருக்கு இடையில் வாக்குவாதம் தொடங்கியது. ஒருவர் பெந்தகோஸ்தே சபைக்காரர், இரண்டு மகன்களும் ஃப்ரிஸ்கோலயில். மற்றவர் என் கணவரோடு வேலை செய்பவர், மூன்று பிள்ளைகளும் கொம்யூன் பள்ளிக்கூடத்தில்.

"ஒன்பதாம் வகுப்புச் சோதினைப் புள்ளியைப் பாருங்கோவன்" என்றார் சபைக்காரர். "எங்கடை பள்ளிக்கூடம் மேலை, உங்கடை கீழை. இதிலை கதைக்க என்ன இருக்கு?"

மற்றவர் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா மடியில் வைத்திருந்த கேக் தட்டைப் பக்கத்தில் வைத்தார்.

"போன வருசம் ஒன்பதாம் வகுப்புச் சோதினைக்கு முன்னம் மூண்டு பிள்ளையள் ஃப்ரிஸ்கோலயிலை இருந்து கொம்யூன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவை. ஒருத்தனுக்கு வாசிக்க வராது. ஒருத்தன் கதவை உதைக்கிறவன். மற்றது தாய் செத்த பிள்ளை, ஒருத்தரோடையும் கதைக்காது. அந்த மூண்டு பேரின்ரை புள்ளியும் கொம்யூன் பள்ளிக்கூடத்துக் கணக்கிலைதான் சேந்தது."

சபைக்காரர் எழும்பி நின்றுவிட்டார். "அப்ப நாங்கள் கழிச்சு விடுறம் எண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை தம்பி. மூண்டு பேர் பையோடை வந்ததைக் கண்டனான்."

"பாத்தியளே, பாத்தியளே!" என்று மற்றவர் கை தட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "அந்த மூண்டு பேரும் இருந்த வகுப்பு ரீச்சர், கிழமையிலை ஒருநாளாவது சாமான் அறைக்குள்ளை நிண்டு அழுவா. மொப் எடுக்கப் போனால் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வெளியிலை வருவா. அதையும் கண்டனான்."

வீட்டுக்காரி பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அன்றிலிருந்து அந்த இரண்டு வீட்டாருமே அக்காவை விழாக்களுக்குக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

தைப்பொங்கலுக்குப் பிறகு போர் நடந்த வன்னிக்கு ஒருவருக்கும் தொலைபேசி எடுபடவில்லை. அந்த மாதங்களைத் தனியாக எழுத வேண்டியதில்லை. அப்போது எந்தத் தமிழ் வீட்டுக்குள் போயிருந்தாலும் அதே திரை, அதே படங்கள், அதே சத்தம். என் கணவரின் அண்ணன் குடும்பம் உள்ளே இருந்தது. என் கணவர் சனி, ஞாயிறுகளில் ஊர்வலத்துக்கு என்று கொப்பன்ஹேகனுக்குப் போனார். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கணினிக்கு முன் இருந்தார். நானும் அப்படித்தான். தாரணி பக்கத்தில் வந்து நின்றால் திரையை மறைப்பதற்கு மட்டும் கை போகும்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் எப்பிடி?" என்று கேட்பேன்.

"நல்லா இருந்தது" என்று டேனிஷில் சொல்வாள். நான் தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்புவேன்.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ஃப்ரிஸ்கோல அதிபர் அழைத்தார். தாரணி ஒரு பையனைச் சாப்பாட்டுப் பெட்டியால் அடித்துவிட்டாள், நெற்றியில் காயம், இரண்டு தையல். நாளை பின்னேரம் மூன்று மணிக்கு வரமுடியுமா என்று கேட்டார். அவருடைய குரல் மெதுவாக, மிகவும் அன்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தாரணியைக் கேட்டேன். அவன்தான் முதலில் தள்ளினான், தொப்பியைப் பறித்துக் குப்பைக் கூடையில் போட்டான் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யார் பார்த்தது என்று கேட்டேன். "துடைக்கிற அக்கா பார்த்தா" என்றாள்.

காரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். சப்பாத்தோடு வாசலில் நின்றபடி கேட்டேன்.

"அக்கா, நாளைக்கு நீங்கள் வரவேணும். அவன்தான் முதல் தள்ளினவன் எண்டு சொல்லவேணும்."

"தள்ளினதை நான் காணேல்லை, பிள்ளை. நான் திரும்பேக்கை அவள் அடிக்கிறாள்."

"தாரணி பொய் சொல்லமாட்டாள்."

"அவள் பொய் சொல்லுறாள் எண்டு நான் சொல்லேல்லை. நான் காணேல்லை எண்டுறன்."

"ஒரு வசனம் அக்கா. ஒரேயொரு வசனம். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? அவையள் அவளைக் கழிச்சு விடப்போகினம்."

அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த வேலை போனால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"வாறன்" என்றார். "ஆனா கண்டதை மட்டும்தான் சொல்லுவன்."

அடுத்த நாள் அதிபரின் அறையில் மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கோப்பி, பிஸ்கற், நாலு கதிரை. என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வகுப்பாசிரியை கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தார். அக்கா நீல நிற வேலை உடுப்போடு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றார்.

"தாரணி கெட்டிக்காரப் பிள்ளை" என்று அதிபர் தொடங்கினார். "ஆனால் நாங்கள் ஒரு சிறிய பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. உங்கள் நாட்டில் நடப்பது எங்களுக்கும் விளங்குகிறது. அவளுக்குத் தேவையான உதவி பெரிய பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும் என்று நினைக்கிறோம். நாங்கள் அவளுக்கு ஏற்ற இடம்தானா என்று நீங்களும் யோசிக்க வேண்டும்."

நான் அக்காவைக் காட்டி, அவர் அங்கே நின்றவர், அவரையும் கேளுங்கள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்காவின் டேனிஷ் உடைந்த டேனிஷ். ஆனால் எண்களும் இடங்களும் பிழைக்காது.

"நான் பார்த்தேன்" என்றார். "தாரணி பெட்டியால் அடித்தாள். இரண்டு தரம். முதல் அடியில் பெட்டி மூடி உடைந்தது. இரண்டாவது அடியில் இரத்தம் வந்தது."

அந்த இரண்டாவது அடியைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதிபருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று அவர் முகம் சொன்னது. வகுப்பாசிரியை பெருமூச்சு விட்டார். உதவிக்கு என்று நான் கூட்டிவந்த ஆளே என் பிள்ளையின் கதையை முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அக்கா நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னும் பார்த்தேன். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு நேரம். தாரணி பெட்டியை எடுத்துக்கொண்டு, மேலங்கி மாட்டுகிற இடத்துக்குப் போவாள். மழையங்கிகளுக்குப் பின்னால் மர வாங்கில் இருந்து சாப்பிடுவாள். தனியே. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மூன்றாம் நாளிலிருந்து. அவளுடைய கதிரை பின்னேரம் நடைபாதையில் இருக்கும். நான் உள்ளே கொண்டுபோய் வைப்பேன். அடுத்த நாளும் நடைபாதையில் இருக்கும்." ஆசிரியையைப் பார்த்தார். "நீங்கள் அந்த இடத்தால் போனீர்கள். ஒவ்வொரு நாளும்." பிறகு அதிபரைப் பார்த்தார். "நீங்கள் இரண்டு நாள் போனீர்கள். ஒரு நாள் அவளுக்கு வணக்கம் சொன்னீர்கள்."



"இதை ஏன் எங்களிடம் முன்னமே சொல்லவில்லை?" என்றார் அதிபர். அன்பான குரல் இப்போது இல்லை.

"நீங்கள் பார்த்தீர்கள்" என்றார் அக்கா. "பார்த்தவருக்கு நான் என்ன சொல்வது?"

ஆசிரியை அழத் தொடங்கினார். அதிபர் கோப்பிக் கோப்பையை ஒருமுறை திருப்பி வைத்தார். இன்று முடிவெடுக்க வேண்டாம், ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு பேசலாம் என்றார். அது முடிவு எடுத்த குரல் என்று எனக்கு விளங்கியது. நான் எழுந்தேன்.

வாகனத் தரிப்பிடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். கையால் அல்ல, குரலால். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"மூண்டு மாசம்! மூண்டு மாசமா என்ரை பிள்ளை உடுப்புக்குப் பின்னாலை இருந்து சாப்பிட்டிருக்கு. நீங்கள் கண்டுகொண்டு இருந்திருக்கிறியள். கிழமைக்கு ரெண்டு தரம் என்னைக் கடையிலை காணுறியள். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"நீர் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கேட்டனீர். பிள்ளையைப் பற்றிக் கேக்கேல்லை."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் காருக்குள் இருந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி அவருக்கு உரியதல்ல என்று அப்போதே தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு தாரணி கொம்யூன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரத்திலேயே இன்னொரு பிள்ளையின் புத்தகத்தைக் கிழித்தாள். என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு ஆசிரியர் அவளைப் பக்கத்தில் இருத்திக் கதைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் பயந்து பயந்து கேட்டேன். "நாளைக்கும் இப்படி இருந்து கதைப்போம்" என்றார். "எங்களிடம் வந்த பிள்ளை எங்கள் பிள்ளைதானே. வேறு எங்கே அனுப்புவது?" அது பெருமையாகச் சொன்ன பேச்சு இல்லை. கொஞ்சம் களைத்த குரலில்தான் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஃப்ரிஸ்கோல அக்காவை நீக்கவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு வேறு ஒழுங்கு செய்யப்போகிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்தது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சபைக்காரர்தான் சொன்னார், கொஞ்சம் சந்தோசமாக.

அன்று பின்னேரமே அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கடிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குசினியில் நின்றபடியே சொன்னார்.

"சொல்லியிருக்க வேணும். உமக்கு. முதல் நாளே."

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒருவர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

தம்பி வன்னியில் கணித ஆசிரியர். தை மாதம்வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் பேசுவார்களாம். தம்பி தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டான். டென்மார்க்கில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று மட்டும் கேட்பான். ஒரு வாங்கில் எத்தனை பேர், விளங்காத பிள்ளையை ரீச்சர் என்ன செய்கிறார், அடிக்கிறார்களா, அடிக்காவிட்டால் என்ன செய்கிறார்கள், அரசாங்கம் நேரே நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கும் ஊர்ச் சனம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கும் என்ன வித்தியாசம். அக்கா 'நல்லாத்தான் நடத்தினம்' என்று சொன்னால் விடமாட்டான்.

"'நல்லா எண்டால் என்ன? நீ கண்டதைச் சொல்லு' எண்டுவான்" என்றார். "அவனுக்குச் சொல்லுறதுக்காகத்தான் நான் பாக்கத் தொடங்கினது. துடைக்கத் துடைக்கப் பாப்பன். ஞாயித்துக்கிழமைக்கு எண்டு சேர்த்து வைப்பன். இப்ப ஞாயித்துக்கிழமை இல்லை. ஆனா பாக்கிறது நிக்கேல்லை."

தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உம்மடை மகளைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருந்தா, 'கண்டிட்டு நீ என்னக்கா செய்தனீ?' எண்டுதான் கேட்டிருப்பான்."

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அடுத்த நாட்களில் எங்கள் ஏழு வீட்டுத் தொலைபேசிகளும் நிற்காமல் அடித்தன. என் கணவரின் அண்ணன் இராணுவத்தின் முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று ஆனியில் தெரிந்தது. அண்ணி இல்லை. அக்காவின் தம்பியைப் பற்றி மூன்று விதமான செய்தி வந்தது. முகாமில் இருக்கிறார் என்று ஒருவர். காயத்தோடு ஆஸ்பத்திரியில் என்று ஒருவர். முடிந்துவிட்டது, காரியத்தைச் செய்யுங்கள் என்று ஒருவர்.

மூவரிடமும் அக்கா ஒன்றைத்தான் கேட்டார்: "நீங்கள் கண்டனீங்களோ?"

மூவருமே காணவில்லை. கேள்விப்பட்டவர்கள். படத்துக்கு மாலை போடுங்கள் என்று ஊரில் சிலர் அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் மாலை போடாமல் வேலைக்குப் போய்வந்தார்.

கோடை விடுமுறையில் தாரணியைக் காலையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அவள் கேட்டுத்தான் விட்டேன். ஆடி மாதத்தில் ஒருநாள், மூன்று மணிக்கு வேலை முடிந்து அவளைக் கூட்டிவரப் போனேன். பின்வளவில் அவள் ஸ்ட்ரோபெரி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். நானும் அக்காவும் குசினியில் இருந்தோம். தொலைபேசி அடித்தது.

பேசியவர் சென்னையிலிருந்து பேசினார். முகாமிலிருந்து எப்படியோ வெளியே வந்து, கடல் கடந்து போய்ச் சேர்ந்தவர். அவருடைய மகன் அக்காவின் தம்பியிடம் படித்தவன். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்கா கேட்டதும், திருப்பிச் சொன்னதும் மட்டும்தான் கேட்டது.

"நீங்கள் கண்டனீங்களோ?"

இந்த முறை அந்தக் கேள்வியோடு பேச்சு முடியவில்லை. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்தார்.

"என்ன உடுப்பு?" பிறகு, "வெள்ளைச் சேட்டு" என்றார், எழுதிக்கொள்பவரைப் போல.

"எந்தப் பக்கம்?" பிறகு, "இடது பக்கம்."

"கதைச்சவனோ?" பதிலை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"நீங்கள்தான் புதைச்சனீங்களோ?"

வெளியே தாரணி ஏதோ டேனிஷ் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார் அக்கா. பிறகு, "அவனோடை நிண்ட பிள்ளையள்?" பிறகு, "ஒன்பது." கடைசியாக, "சரி தம்பி. நீங்கள் பட்டது போதும். மகனைப் படிக்க விடுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டி, கிட்ட வரவேண்டாம் என்று காட்டினார். அழவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் இப்போது என்ன நேரம் என்று என்னைக் கேட்டார். இருட்டத் தொடங்கியிருக்கும் என்றேன். "அம்மா இன்னும் நித்திரை கொண்டிருக்க மாட்டா" என்றார்.

சாவகச்சேரியில் அவருடைய தாய் படுக்கையில் இருந்தார். இருதயம் பலவீனம். காதும் மந்தம். உரக்கப் பேசவேண்டும் என்பதால் அக்கா தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். ஐந்தாறு தரம் அடித்த பிறகு தாய் எடுத்தார்.

"அம்மா, தம்பி இருக்கிறான்" என்றார் அக்கா.

எவ்வளவு ஆழம் என்று அவர் கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஆர் சொன்னது?" தாயின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"ஒராள் இப்பதான் கதைச்சவர். முகாமிலை இருந்து வெளியிலை வந்த ஆள்."

"கண்டவரோ?"

"ஓம் அம்மா. கண்டவர்."

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் கிழவி அழுகிற சத்தம். அக்கா அது அடங்கும்வரை பொறுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் தம்பிக்குச் சொன்ன அதே மாதிரித்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறானாம். நல்லா மெலிஞ்சு போனானாம். இடது தோளிலை ஒரு காயமாம், ஆறிக்கொண்டு வருகுதாம். தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறானாம், முகாமுக்குள்ளை பேன் எண்டு. அங்கை பள்ளிக்கூடம் இல்லையாம். பின்னேரத்திலை ஒரு கூடாரத்துக்குள்ளை பிள்ளையளை இருத்திக் கணக்குப் படிப்பிக்கிறானாம். நாப்பது பிள்ளையளாம். கரும்பலகை இல்லையாம், மணலிலை எழுதிக் காட்டுறானாம்.

"சாப்பிடுறானோ?"

"ரெண்டு நேரம் குடுக்கினமாம்."

"எப்ப விடுவாங்கள்?"

"அது தெரியாதாம் அம்மா. நாளாகுமாம்."

தாய் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிள்ளை நீ சாப்பிடு என்று அக்காவுக்கும் சொன்னார். தொலைபேசி அணைந்தது.

அக்கா அதே கதிரையில், அதே இடத்தில் இருந்தார். இரண்டு கைகளும் மேசையில் இருந்தன. அவரே பேசினார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"ஒரு கூடாரத்துக்குள்ளை நாப்பது பிள்ளையள் இருக்கேலாது. கூடிப்போச்சு. இருவத்தஞ்சு எண்டு சொல்லியிருக்க வேணும்."

"இருக்கலாம் அக்கா" என்றேன். "நெருங்கி இருந்தா இருக்கலாம்."